பின்படிக்கட்டும் ஒரு கையெழுத்தும்: மதுரை ஜவுளிக் கடை ஒன்றின் நெருக்கடி, ஒரு நிகழ்வு ஆய்வு

விளக்குத்தூணுக்கும் பத்துத்தூணுக்கும் இடைப்பட்ட தெருக்களில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையில் நாமாக அடி எடுத்து வைக்க வேண்டிய வேலையே இருக்காது. பின்னால் வருகிறவர்களே நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு மாலையில், நான் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஜவுளிக் கடையின் இரண்டாம் தளத்தில் மின்பலகை ஒன்று எரியத் தொடங்கியது. கடைக்குள் அப்போது ஏறக்குறைய 800 பேர் இருந்தார்கள். காலி செய்யச் சொன்ன நேரத்திலிருந்து 11 நிமிடத்தில் கடைசி ஆள் தெருவுக்கு வந்துவிட்டார். புகையைச் சுவாசித்து இருமிய 2 பணியாளர்களைத் தவிர யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த 11 நிமிடத்தில் 4 நிமிடம் என் தவறால் வீணானது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மட்டும் விட்டுவிடுகிறேன். வணிக நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு என்றால் வாசலில் பையைச் சோதிப்பவர்கள் என்றே நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். நெருக்கடி வரும் நாளுக்காக அந்தக் குழு என்ன செய்து வைக்க முடியும், எங்கே தவற முடியும் என்பதை ஒரு கடையை வைத்தே காட்டலாம் என்று நினைக்கிறேன்.

கட்டடம்

தரைத்தளத்தில் வேட்டி, துண்டு, உள்ளாடை. முதல் தளத்தில் சேலை. இரண்டாவதில் சிறுவர் சிறுமியர் ஆயத்த ஆடை. மூன்றாவதில் ஆண்கள் பிரிவு. மேலே குடோனும் பணியாளர்கள் சாப்பிடும் அறையும். முன்பக்கம் ஒரு படிக்கட்டு, ஒரு லிஃப்ட். பின்பக்கம் சந்தில் இறங்கும் இன்னொரு படிக்கட்டு உண்டு. பண்டல் ஏற்றி இறக்க மட்டும் அதைத் திறப்பார்கள். மற்ற நேரமெல்லாம் ஷட்டருக்குப் பூட்டு. சாவி கல்லாப்பெட்டியில் இருக்கும்.

பூட்டியதற்குக் காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய பண்டிகையில் அந்தப் படி வழியாகப் பட்டுச்சேலைகள் போயிருக்கின்றன. திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு, தீ என்று வந்தால் 4 தளத்து மக்களை ஒரே படிக்கட்டில் நெருக்கும். களவுக்குப் பயந்து கதவை மூடுவதும் பாதுகாப்புப் பணிதான், உயிருக்காகக் கதவைத் திறந்து வைப்பதும் பாதுகாப்புப் பணிதான். இரண்டும் ஒரே கதவில் வந்து முட்டும்போது எது மேலே என்று முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். எங்கள் கடையில் யாரும் தீர்மானிக்கவில்லை. பூட்டு தீர்மானித்திருந்தது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016 பதிப்பு), இத்தகைய வணிகக் கட்டடத்தில் எந்த இடத்தில் நின்றாலும் 30 மீட்டருக்குள் வெளியேறும் வழி இருக்க வேண்டும் என்கிறது. நாடாவைப் பிடித்து அளந்தேன். பின்படி திறந்திருந்தால் எங்கள் கடை அந்தக் கணக்குக்குள் வருகிறது. பூட்டியிருந்தால், ஆண்கள் பிரிவின் பின்மூலையில் நிற்பவருக்கு அடுக்குகளைச் சுற்றி முன்படிக்கு வர 40 மீட்டருக்கு மேல்.

முதலாளியிடம் பேசியது

"தம்பி, அந்தக் கதவைத் திறந்து போட்டால் ஒரு பண்டிகைக்கு எத்தனை சேலை போகும் தெரியுமா?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியும் ஐயா. அந்தக் கணக்கையும் எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்" என்றேன்.

டெல்லி உப்ஹார் திரையரங்கைப் பற்றிச் சொன்னேன். 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழி அடைபட்டிருந்ததால் மாடியில் இருந்தவர்கள் புகையில் சிக்கிக்கொண்டார்கள். முதலாளி கேட்டுக்கொண்டார், அசையவில்லை. டெல்லி அவருக்குத் தூரம். சென்னை உஸ்மான் சாலையில் 2017 மே 31 அதிகாலை ஒரு பெரிய ஜவுளிக் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளைக்கும் மேல் எரிந்ததை அவரே சொன்னார். "அங்கே அந்த நேரத்தில் வாடிக்கையாளர் இல்லை. நமக்கு மாலை ஏழு மணிக்குப் பிடித்தால்?" என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

அவரை அசைத்தது கூப்பிடு தூரத்தில் நடந்த ஒன்று. 2020 தீபாவளியன்று அதிகாலையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 2 பேர், பழைய கட்டடம் இடிந்து விழுந்து உயிரிழந்தார்கள். அந்த விடியற்காலை முதலாளி தன் வீட்டு மாடியில் நின்று புகையைப் பார்த்திருக்கிறார். "அந்தப் பிள்ளைகள் பட்டாசு வெடிக்கிற நாளில் போய்ச் சேர்ந்தார்கள்" என்று மெதுவாகச் சொன்னார். 2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் கடைகளில் பிடித்த தீ வீரவசந்தராயர் மண்டபத்தைப் பாழாக்கியதை நேரில் பார்த்தவரும்கூட. கல்மண்டபமே தாங்கவில்லை என்றால் துணி எம்மாத்திரம் என்று அவரே கேட்டார்.

பூட்டு போனது. ஒவ்வொரு தளத்திலும் பின்படிக்கு ஒரு கதவு போட்டு, உள்பக்கம் குறுக்கே ஒரு கம்பி வைத்தோம். உடம்பால் தள்ளினாலே கதவு திறக்கும். திறந்த நொடியே சைரன் அலறும். கள்ளன் அந்த வழியாக ஓசையில்லாமல் போக முடியாது, புகையில் சிக்கியவர் சாவி தேட வேண்டாம். கீழே சந்து ஷட்டரைக் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் தூக்கியே வைத்து, அங்கே ஒரு காவலரை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நாற்காலிக்கும் வாதாட வேண்டியிருந்தது. 12 மணி நேரம் நிற்க வைக்கப்படும் மனிதர் எட்டாவது மணியில் எதையும் கவனிப்பதில்லை. இதை எத்தனை கடைக்காரர்களிடம் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அடுத்து நான் கேட்டது கதவை விடப் பெரியது. பணியில் இருக்கும் பாதுகாப்பு மேற்பார்வையாளர் கடையைக் காலி செய்யச் சொன்னால் அது முதலாளியின் உத்தரவு. அவரைத் தொலைபேசியில் கேட்க வேண்டியதில்லை. அந்த முடிவு பிழையாகிப் போனாலும் அவர்மேல் நடவடிக்கை கிடையாது. இந்த மூன்று வரியில் முதலாளியின் கையெழுத்து வேண்டும் என்றேன்.

3 வாரம் இழுத்தார். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கடை நின்றால் என்ன நட்டம் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வாட்ச்மேன் பயந்துபோய்ச் சும்மா காலி செய்துவிட்டால்? நியாயமான கேள்விதான். கணக்குப் பார்க்கும் அவருடைய மகள்தான் முடித்து வைத்தார். "அப்பா, சும்மா ஒருமுறை காலி செய்தால் ஒரு நாள் வியாபாரம் போகும். உங்களைக் கேட்க வேண்டும் என்று அவர் காத்திருந்தால் என்ன போகும்?" முதலாளி கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகலை ஒவ்வொரு தளத்துப் பில் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைத்தோம்.

ஒத்திகையில் தெரிந்தவை

தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி வந்த 2006 மத்திய மாதிரி விதிகள், புதிதாகச் சேரும் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. தீயணைப்பு, கூட்டக் கட்டுப்பாடு, முதலுதவி எல்லாம் பாடத்தில் இருந்தன. பண்டிகைக்காக ஒரு முகமை எங்களுக்கு அனுப்பிய 8 பேரில் பாதிப் பேர் தீயணைப்பான் சிலிண்டரைக் கையில் தூக்கியதே இல்லை. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வயல் வேலை இல்லாத மாதங்களில் உசிலம்பட்டி, சேடபட்டி பக்கத்திலிருந்து வந்த நடுத்தர வயதுக்காரர்கள். சீருடை கொடுத்தவர்கள் பயிற்சி கொடுக்கவில்லை. என்னிடம் முன்பே இருந்த 6 பேரோடு அவர்களைச் சேர்த்து, 5 நாள் காலையில் கடை திறக்கும் முன்பு பழக்கினோம்.

முதல் ஒத்திகையை ஏப்ரலிலேயே வைத்தோம். ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருவது. அந்த நேரத்தில் கேட்டால் நிலையத்திலிருந்து மகிழ்ச்சியோடு வந்து செய்து காட்டுவார்கள். மதுரையில் அது சித்திரைத் திருவிழாவை ஒட்டி வரும் என்பதால் நாள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அந்த ஒத்திகையில் ஒரு விஷயம் எங்களைத் திடுக்கிட வைத்தது. மின்பலகையில் தீ என்று வைத்துக்கொண்டு எங்கள் மின்பணியாளர் மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கு போனது. 10 விநாடிகூட ஆகவில்லை, கீழே ஜெனரேட்டர் தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. விளக்குகள் மறுபடி எரிந்தன. மின்வாரியத்து மின்சாரம் போனால் தானாக ஓடும்படி அமைத்திருந்த இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது, எரிகிற பலகைக்கு மறுபடி மின்சாரம் கொடுத்தது. அன்று முதல் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு காவலர் நின்றார். வாக்கி டாக்கியில் 'காலி' என்ற சொல் கேட்டதும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே நிற்பது மட்டுமே அவர் வேலை.

ஒலிபெருக்கி மின்சாரத்தோடு சேர்ந்து செத்துப்போகும் என்பதும் அன்றுதான் உறைத்தது. தளத்துக்கு ஒன்றாகக் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி வாங்கினோம். உடை மாற்றும் அறைகளை ஒத்திகையில் யாருமே பார்க்கவில்லை என்று தீயணைப்பு நிலையத்துப் பெரியவர் சுட்டிக்காட்டினார். அதற்குத் தளத்துக்கு ஒரு ஆளை ஒதுக்கினோம்.

தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்குள் எவ்வளவு திட்டம் போட்டாலும் வாசலில் தரைக்கடைகள் இருக்கின்றன. துண்டு, கைக்குட்டை, வளையல், பிளாஸ்டிக் பொம்மை என்று தார்ப்பாய் விரித்து, அந்த ஒரு மாதத்தில் வருடத்துக்குச் சம்பாதிக்கிறவர்கள். அவர்களை விரட்டச் சொல்லி ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. நான் போய் உட்கார்ந்து பேசினேன். நீளமாக 3 விசில் கேட்டால் பாயின் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவரோடு ஒட்ட வேண்டும். சரக்கு கெட்டால் கடை ஈடு கொடுக்கும். கைக்குட்டை விற்கும் ஒரு அம்மா, "விசில் அடிக்கிற ஆளை எங்களுக்குக் காட்டுங்கள், யார் யாரோ அடிப்பார்கள்" என்றார். அந்தக் காவலரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் முகம் காட்டினோம். என் 20 ஆண்டுப் படைப்பணியில் படித்த எந்தப் பாடத்திலும் அந்த அம்மா சொன்ன யோசனை இல்லை.

அந்த மாலை

6.43. இரண்டாம் தளத்து விற்பனைப் பெண் ஒருவர் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்று காவலரிடம் சொன்னார். பண்டிகை அலங்காரத்துக்காகப் போட்ட கூடுதல் விளக்குகளை அந்தப் பலகையிலிருந்தே இழுத்திருந்தார்கள். தளர்ந்திருந்த இணைப்பு ஒன்று சூடேறி எரிந்தது என்று பின்னால் தெரிந்தது. காவலர் கரியமிலவாயு சிலிண்டரை எடுத்து அடித்தார். தீ அணைந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி பற்றியது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை மின்தீ அப்படித்தான்.

இரண்டாம் தள மேற்பார்வையாளர் துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேரையூர்ப் பக்கத்துக்காரர். 6.49க்கு அவர் குரல் எல்லா வாக்கி டாக்கியிலும் வந்தது: "இரண்டாம் தளம், புகை. காலி, காலி, காலி."

மெயின் இறங்கியது. கீழே ஜெனரேட்டர் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. அந்தக் காவலர் தன் பொத்தானை விடவில்லை. தெருவில் 3 விசில். நான் வாசலில் நின்றிருந்தேன். தார்ப்பாய்கள் கோழி சிறகை ஒடுக்குவதுபோல ஒவ்வொன்றாக மடங்கிச் சுவரோரம் போனதைப் பார்த்தேன். ஒரு வினாடி தொண்டை அடைத்தது.

முதல் தளத்தில் பில் போடுகிறவர் நிறுத்தவில்லை. வரிசையில் 30 பேர் நிற்கிறார்கள், முதலாளி சொல்லாமல் எப்படி நிறுத்துவது என்று அவரைக் கூப்பிட்டார். முதலாளி விருதுநகரில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார், போனை அமைதியில் போட்டிருந்தார். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. காவலர் மேசைக் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணே, முதலாளி இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டார், பாருங்கள்." அவர் குனிந்து டார்ச் வெளிச்சத்தில் அந்த மூன்று வரியைப் படித்தார். கல்லாவைப் பூட்டிக்கொண்டு எழுந்தார். பணம் கட்டிவிட்டுத் துணிக்காக நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் ஏற்கெனவே பழக்கியிருந்தது: "பில் கையில் இருந்தால் போதும், துணி எங்கும் போகாது." அதைக் கேட்டபிறகுதான் பலர் நகர்ந்தார்கள்.

இனி என் தவறு. வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டிய அறிவிப்பை எழுதியவன் நான். 'தீ' என்ற சொல்லைக் கேட்டால் கூட்டம் மிரண்டு ஒருவரையொருவர் மிதித்துவிடும் என்று பயந்தேன். அதனால், "மின்சாரக் கோளாறு காரணமாகக் கடை மூடப்படுகிறது, தயவுசெய்து கீழே இறங்குங்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் தளத்துப் பொறுப்பாளர் அதை அட்சரம் பிசகாமல் சொன்னார். யாரும் இறங்கவில்லை. நம் ஊரில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஜெனரேட்டர் வரும். 5 நிமிடம் பொறுத்தால் விளக்கு எரியும். அது தெரிந்த மக்கள் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு சட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் இடம் கிடைத்தது என்று உட்கார்ந்தார்கள். பின்னால் கேமரா பதிவில் அதைப் பார்த்தேன். இருட்டில் 100 சின்ன வெளிச்சங்கள் நிதானமாகச் சட்டைகளின் மேல் நகர்கின்றன. கீழ்த்தளத்துப் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தளத்துப் படியின் அவசர விளக்கு சார்ஜ் இல்லாமல் எரியவில்லை. அதைச் சோதித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது.

4 நிமிடம் அப்படிப் போனது. முதலில் வாடையைச் சொன்ன அதே பெண், தன் தளம் காலியாகிவிட்டதைப் பார்த்துவிட்டு மேலே ஓடினார். அதைச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. கையை ஆட்டி உரக்கச் சொன்னார்: "கீழே புகை வருகிறது. எல்லோரும் எழுந்திருங்கள். பின்படி இந்தப் பக்கம்." அவ்வளவுதான். தளம் முழுக்க எழுந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. வயதானவர்களைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கட்டைப்பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். தீ விபத்துகளை ஆராய்ந்தவர்கள் பல காலமாக இதைச் சொல்லிவருகிறார்கள்: மக்கள் மிரண்டு ஓடிச் சாவதைவிட, உண்மை தெரியாமல் தாமதித்துச் சாவதே அதிகம். நான் படித்திருந்தேன். எழுதும்போது என் பயத்தை நம்பினேன்.

பின்படியில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. மதியம் வந்த பார்சல் பண்டல்களை முதல் தளத்துத் திருப்பத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். சந்து ஷட்டரில் உட்கார்ந்திருந்த காவலர் அதைப் பார்த்திருக்கிறார், மாலைக்குள் எடுத்துவிடுவோம் என்று சுமைதூக்கும் அண்ணன்கள் சொன்னதை நம்பியிருக்கிறார். சைரன் அலறியதும் அவரும் அவர்களும் சேர்ந்து பண்டல்களைப் படியில் உருட்டிச் சந்தில் எறிந்தார்கள். வழி கிடைத்தது.

இரண்டாம் தளத்தில் உடை மாற்றும் அறைகளுக்கு ஒதுக்கிய காவலர் ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு போனார். ஐந்தாவது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். "இருங்கள், பாவாடை கட்டிக்கொண்டிருக்கிறாள்" என்று பதில் வந்தது. விளக்கு வரட்டும் என்று இருட்டில் மகளோடு காத்திருந்திருக்கிறார் அந்தத் தாய். "அக்கா, புகை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே வாருங்கள்." கதவு திறந்தது. நான் வாசலில் அவர்களைப் பார்த்தேன். 5 வயதிருக்கும். பச்சைப் பட்டுப்பாவாடை, இடுப்பில் விலைச்சீட்டு தொங்குகிறது, மேலே பழைய பள்ளிக்கூடச் சட்டை. கண்ணை அகல விரித்து என் சீருடையையே பார்த்துக்கொண்டு போனாள்.

7 மணிக்குக் கடைசியாக மேற்பார்வையாளர் இறங்கினார். தீயணைப்பு வண்டி தெருமுனைவரை வந்தது. வீரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மின்சாரம் நின்றுவிட்டதால் பலகைத் தீயை எங்கள் மூன்றாவது சிலிண்டர் ஏற்கெனவே அடக்கியிருந்தது. அவர்கள் சுவரையும் மேற்கூரைப் பலகையையும் பிரித்துப் பார்த்து, உள்ளே கனல் இல்லை என்று உறுதி செய்தபிறகே போனார்கள். இருமிய 2 பேரை 108 ஆம்புலன்ஸ் அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. இரவே திரும்பினார்கள்.

தெருவில் நின்றபோது

நெருக்கடி அதோடு முடிந்தது என்று நினைத்தேன். 7.15க்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது: புகை, கூச்சல், '5 பேர் பலி' என்ற வரி. முதலாளியின் மகள் கடை வாசலில் நின்று 40 விநாடி பேசினார். என்ன நடந்தது, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், பில் வைத்திருப்பவர்களுக்குத் துணி கிடைக்கும், எந்தத் தளம் எப்போது திறக்கும் என்று பிறகு சொல்கிறோம். காரணம் என்னவென்று ஊகிக்கவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. இந்த நான்கு செய்தியைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்று ஐப்பசி பிறக்கும் முன்பே எழுதி வைத்திருந்தோம்.

நாங்கள் எழுதி வைக்காதது வேறு. விற்பனைப் பெண்களின் கைபேசிகள் நான்காம் தளத்து அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன. வேலை நேரத்தில் போன் கூடாது என்பது கடை விதி. அந்த வீடியோ திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 40 வீடுகளில் அம்மாக்கள் மகளின் எண்ணுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள், மேலே பூட்டிய அலமாரிக்குள் போன்கள் அலறிக்கொண்டிருக்கின்றன. பெண்கள் அழத் தொடங்கியபிறகுதான் எனக்குப் புரிந்தது. காவலர்கள் தங்கள் போன்களைக் கொடுத்தார்கள். எதிர்க்கடைச் சுவரோரம் வரிசையாக நின்று, ஆளுக்கு அரை நிமிடம். "அம்மா, நான் நன்றாக இருக்கிறேன், வைக்கிறேன்." சிலருக்கு வீட்டு எண் மனப்பாடமாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் தந்தை இரவு 9 மணிக்கு மேலூரிலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டார். மகளைப் பார்த்ததும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றபோது எனக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

மறுநாளும் பிறகும்

முதலாளி இரவே திரும்பி வந்தார். கருகிய பலகையை அந்த இரவே மாற்றிவிட வேண்டும் என்றார். காப்பீட்டு மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை தொடக்கூடாது என்று சொல்லி ஒரு காவலரைப் பக்கத்தில் நிறுத்தினேன். கேமரா பதிவுப் பெட்டி பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும் வகை. அன்று மாலைப் பதிவை இரண்டு வன்தட்டுகளில் எடுத்துப் பூட்டினோம். பில் வைத்திருந்தவர்களுக்குத் திங்கள் காலை பக்கத்துக் குடோன் வாசலில் மேசை போட்டுத் துணி கொடுத்தோம். உரிமம் பெற்ற மின்பொறியாளர் பார்த்துச் சொன்னபிறகு செவ்வாய்க்கிழமை கீழ் இரண்டு தளமும் திறந்தன. இரண்டாம் தளம் அந்தத் தீபாவளிக்குத் திறக்கவில்லை. புகைவாடை ஏறிய துணியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், முதலாளி மறுத்துவிட்டார்.

அறிவிப்பை மாற்றி எழுதினேன். இப்போது அது அந்தப் பெண் சொன்ன வாக்கியம், அப்படியே: என்ன வருகிறது, என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கம். அவர் இப்போது பாதுகாப்புக் குழுவில் தளப் பொறுப்பாளர், சம்பளமும் அதற்கேற்ப. பணியாளர் வீட்டு எண்கள் அடங்கிய நோட்டு தரைத்தளக் காவலர் மேசையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அவர்களே சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். அவசர விளக்குகளைச் சோதிப்பவர் பதிவேட்டில் கையெழுத்திட்டால் போதாது. விளக்கு எரிவதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். பின்படித் திருப்பங்களில் தரைக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறோம். அந்த மஞ்சளில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தாலும் தூக்கிச் சந்தில் போட எந்தக் காவலருக்கும் உரிமை உண்டு. இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

போன ஒத்திகையில் மூன்றாம் தளம் 3 நிமிடத்துக்குள் காலியானது. பின்சந்தில் இருசக்கர வாகனங்கள் நிற்பதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. இறங்கி வருகிறவர்கள் இரண்டு வரிசையாக வந்தால், அந்த இடத்தில் ஒற்றை வரிசையாக வேண்டியிருக்கிறது. வண்டிகளில் பாதி பக்கத்துக் கடைப் பணியாளர்களுடையவை. அந்தக் கடைக்காரர் வரும் செவ்வாய்க்கிழமை பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அளவு நாடாவையும் கேமராப் பதிவையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.